அப்பாவின் நீலக் கோட்டும் ஷெஃபீல்டு கல்யாணமும்

கோட்டைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

மே மாதம். செல்லூரில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில் ஃபேன் காற்றுகூட அடுப்பிலிருந்து வருவதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. நான் தரையில் பெட்டியை விரித்துவைத்து, கோட்டை எப்படி மடிப்பது என்று ஒரு வெள்ளைக்காரர் செய்துகாட்டும் வீடியோவை நாலாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, அதற்குள் இன்னொரு தோளைச் செருக வேண்டுமாம்.

"அந்தாளு மடிக்கிறான், மடிக்கட்டும். அவன் வீட்ல பத்து கோட்டு கெடக்கும். நான் போட்டுக்கிட்டே வாரேன்" என்றார் அப்பா.

"துபாய்ல இறங்கி வேற பிளேன் ஏறணும்ப்பா. ஒரு பகல் பூராம் உக்காந்தே போகணும். வேர்த்து ஊத்திரும்."

"வேர்வை எனக்கு என்ன புதுசா?"

என் தங்கை மலர் இங்கிலாந்தில், ஷெஃபீல்டு என்ற ஊரில் நர்ஸ். அதே மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிற செந்திலை அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். வெளிநாட்டில் கல்யாணம் என்றதும், நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளியில் எல்லோரும் எங்களுக்கு ஏதோ புதுப் பணம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ஊரில் வைக்க முடியாத கல்யாணம் என்பதால்தான் விமானம் ஏறினோம். செந்தில், மதுரைக்கு மேற்கே தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற குடும்பம். நாங்கள் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் காலனி. எங்கள் அப்பா நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். இரண்டு பஸ் மாறினால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இருவரும் ஷெஃபீல்டுக்குப் போய்த்தான் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது.

செந்திலின் அப்பாவும் அம்மாவும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பெரியப்பா போனில், "தாலி கட்டுன கையோட ஊருக்குள்ள வந்துராத" என்றாராம். எங்கள் பக்கம் அம்மா இல்லை. இறந்து ஆறு வருடமாகிறது. ஆக, பெண் வீட்டுக்கு அப்பாவும் நானும்.

கோட்டைத் தைத்தது எங்கள் தெரு முக்கு டெய்லர் பாய். கறுப்பு, சாம்பல், காப்பிப்பொடி நிறம் என்று துணிகளை எடுத்துப் போட்டார். அப்பா எதையும் தொடவில்லை. "நீலம்" என்றார். பாய் கருநீலத்தை எடுத்தார். "இது கறுப்புக்குத் தம்பி. எனக்கு நீலம் வேணும்."

எந்த நீலம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் காலனி நுழைவில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு சிலை நிற்கிறது. கையில் புத்தகம், நீட்டிய விரல், நீலக் கோட்டு. யாராவது உடைத்துவிடுவார்கள் என்று கூண்டு. அதைக் கடந்துதான் அப்பா தினமும் வேலைக்குப் போனார், வந்தார். பாய்க்கும் புரிந்திருக்க வேண்டும். ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு துணியை இறக்கினார். அளவெடுக்கும்போது, "மாஷா அல்லாஹ், என்னா தோளு! இம்புட்டு வருசமா இந்தத் தோளுக்கு ஒரு கோட்டு தைக்காம விட்டீங்களே" என்றார்.

"மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தோம் பாய்" என்றார் அப்பா.

மற்ற துணிகளை அடுக்கினேன். என்னுடைய அரக்குப் பட்டு, மலருக்கு இரண்டு பட்டு, ரவிக்கைகள், ஊக்குகள். தாலி என் கைப்பையில். அப்பா நெத்திலிக் கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி எடுத்துவந்தார். பட்டுச் சேலையும் கருவாடும் ஒரே பெட்டியில் போகாது என்றேன். சண்டை முடிந்து, கருவாடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஏறி என் கைப்பெட்டிக்குள் போனது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் இன்னொன்றும் செய்தேன். பெரிய பெட்டியில் என் சேலைக்கு அடியில் ஒரு பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வைத்தேன். கோட்டுப் போட்ட அப்பாவின் போட்டோவைப் பள்ளியில் காட்டியபோது ஒரு டீச்சர், "வேட்டின்னா இன்னும் எடுப்பா இருக்கும்ல செல்வி" என்றார். பக்கத்தில் இருந்தவர் போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இங்கிலாந்திலும் இருக்கும் என்று எனக்குப் பயம். வேறு காரணம் கிடையாது.

மதுரை விமான நிலையத்துக்குப் போகும் ஆட்டோவிலேயே அப்பாவின் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. கோட்டின் மூன்று பொத்தானும் போட்டபடி இருந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஐயா அரசியல்ல இருக்காகளா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, கல்யாணத்துக்குப் போறாக" என்றேன்.

சோதனைக் கூடத்தில் கோட்டைக் கழற்றித் தட்டில் போடச் சொன்னார்கள். அப்பா கழற்றினார். உடனே தட்டில் போடவில்லை. தட்டைக் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் வைத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அங்கிருந்த காவலர் தமிழ்க்காரர். "பெரியவரே, சீக்கிரம். இந்த வெயில்ல எதுக்கு இது?" என்றார்.

"நீங்களும்தான் இந்த வெயில்ல பூட்சு போட்டிருக்கீக" என்றார் அப்பா.

விமானத்தில் அவர் முதுகைச் சாய்க்கவே இல்லை, கோட்டுக் கசங்கிவிடுமாம். பணிப்பெண் வந்து, கோட்டைக் கொடுத்தால் அலமாரியில் தொங்கவிடுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். "குடுத்தா திரும்ப வாங்கணும்ல. வேணாம்னு சொல்லு" என்றார். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னார். அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. பிறகு சாப்பாடு வந்தது. ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவைத்துவிட்டு, புளிப்பே இல்லாத தயிரை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டப் போனால், அது தானாகத் திறந்துகொண்டது; கண்ணாடி முன்னால் நின்று காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியவில்லை.

துபாயில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். துடைப்பான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். மேலூர்ப் பக்கமாம். வந்து ஐந்து வருடம் ஆகிறதாம். "நீங்க எந்த ஊருண்ணே?" என்றார். அப்பா ஊர் பெயரைச் சொன்னதும், எங்கள் பக்கத்தில் எப்போதும் வருகிற அடுத்த கேள்விக்காக நான் காத்திருந்தேன். ஊரில் எந்தத் தெரு? அவர் கேட்கவில்லை. கோட்டையே பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு விரலால் அதன் கையைத் தொட்டார்.

"கலரு நம்ம கலருண்ணே" என்றார்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு பசி எடுத்தது. கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை முழுக்கச் சாப்பிட்டார்.

மான்செஸ்டரில் இறங்கினோம், பெரிய பெட்டி இறங்கவில்லை. சுழலும் பட்டையில் கடைசிப் பெட்டியும் போன பின்பும் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு நாளில் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று மேசையில் இருந்தவர் முகவரி எழுதிக்கொண்டார். என் பட்டு, மலரின் பட்டு எல்லாம் அதற்குள்.

"பாத்தியா? மடிச்சு வச்சதெல்லாம் எங்கயோ கெடக்கு. போட்டுட்டு வந்தது வந்துருச்சு" என்றார் அப்பா. நான் கோபத்தில் கைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

வெளியே மழைத் தூறல், குளிர். மே மாதத்தில் இப்படி ஒரு குளிரை மதுரைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஷெஃபீல்டு போகிற ரயில் அன்றைக்கு ரத்து. அதற்குப் பதிலாக ஒரு பஸ் விட்டார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் முண்டவில்லை, மழையில் வரிசையாக நின்று ஏறினார்கள். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையமாக இருந்தால் இடம் பிடிக்க ஜன்னல் வழியே துண்டு விழுந்திருக்கும்.

பஸ் மலைமேல் ஏறியது. மரமே இல்லாத பழுப்புப் புல்வெளி. ஆடுகள். சுண்ணாம்பும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிய சுவர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்புட்டு நெலமும் யாருது?"

எனக்கு எப்படித் தெரியும்? "அந்தப் பெரியவர்ட்டக் கேளு" என்று முன்சீட்டைக் காட்டினார். தயங்கித்தான் கேட்டேன். மழைச்சட்டை போட்டிருந்த அந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பி உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னார். "பெரும்பாலும் பிரபுக்களுடையது. என் தாத்தா காலத்தில் எங்களைப் போன்ற ஆலைத் தொழிலாளிகள் இதற்குள் நடக்கக்கூட முடியாது. காவலாளிகள் தடியோடு நிற்பார்கள். தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பலாக உள்ளே நடந்தார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் நடக்கலாம்."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு எட்டி அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இறங்கும்வரை இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மலரின் வீடு ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மறுநாள் காலையில் கருவாடு வறுத்தோம். இரண்டு நிமிடத்தில் கூரையிலிருந்து காதைக் கிழிக்கிற சத்தம். புகைக்கு அலறும் கருவியாம். கட்டடம் முழுக்கக் காலிசெய்து எல்லோரும் தெருவில் வந்து நின்றார்கள். இரவு உடையில் சிலர், கைக்குழந்தையோடு சிலர், நடுவில் நீலக் கோட்டில் அப்பா. செந்தில் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். கீழ்வீட்டுப் பாட்டி மட்டும், "நெருப்பு இல்லையா? அப்படியானால் அது என்ன சமையல்?" என்று கேட்டாள். மத்தியானம் ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொடுத்து அனுப்பினோம். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது.

செந்தில் அப்பாவை "மாமா" என்று கூப்பிடுவதை அன்றைக்குத்தான் நேரில் கேட்டேன். சட்டென்று, யோசிக்காமல் கூப்பிட்டார். அப்பாதான் "மாப்ள" என்று சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை, செந்திலின் தாய்மாமன் லண்டனிலிருந்து காரில் வந்தார். செந்தில் குடும்பத்திலிருந்து வந்த ஒரே ஆள் அவர்தான். பழம், பூ, இனிப்பு எல்லாம் வாங்கி வந்திருந்தார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். தேநீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், அப்பா அந்த அறையிலேயே இல்லாததுபோல.

"டீச்சர், நான் ஒளிக்காமச் சொல்லிர்றேன். நான் வந்ததே எங்கக்காவுக்காகத்தான். நாளைக்கு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புனா, அக்காவும் அத்தானும் ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் மனசு மாறுவாக. ஆனா சொந்தக்காரன் பூராம் அந்த போட்டோவப் பாப்பான். ஐயா பட்டு வேட்டி கட்டிக்கிட்டா நல்லது. யாரு என்னன்னு யாரும் கேக்கப்போறதில்ல. இந்தக் கோட்டு, இந்தக் கலரு... பாத்த ஒடனே தெரிஞ்சிரும்ல."

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. எங்கள் பெட்டி வந்திருந்தது. மலர் ஓடிப்போய் இழுத்துவந்து, தன் பட்டு நனைந்திருக்கிறதா என்று அங்கேயே திறந்தாள். ஒவ்வொரு சேலையாக எடுத்துச் சோபாவில் போட்டாள். என் அரக்குப் பட்டை எடுத்ததும் அடியில் வேட்டியும் சட்டையும் தெரிந்தன, மடிப்புக் கலையாமல்.

"இந்தா, வேட்டி கொண்டுதான வந்திருக்கீக!" என்றார் தாய்மாமன். நிம்மதியாகச் சிரித்தார்.

அப்பா வேட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ வச்சியா?"

நான் தலையசைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதோடு நிறுத்தாமல், "ஒரு நாள்தானப்பா. மலருக்காக" என்று வேறு சொன்னேன். மலர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "எனக்காகன்னு சொல்லாதக்கா. நான் கேக்கல" என்றாள்.

அப்பா மெதுவாக எழுந்தார். "பாத்த ஒடனே தெரிஞ்சிரும்னு சொன்னீகள்ல" என்று தாய்மாமனிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "தெரியணும்னுதான் போட்டிருக்கேன்."

"ஐயா, நான் தப்பா ஒண்ணும்..."

"தப்பில்ல. நீங்க ஒளிக்காமச் சொன்னீக, நானும் ஒளிக்காமச் சொல்றேன். இவளப் பெத்தவன் யாருன்னு மறைச்சு இவளக் கட்டிக் குடுக்க மாட்டேன். மாப்ளைக்கும் அது வேணாம்னா இப்பயே சொல்லட்டும்."

செந்தில் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் மறைக்க வேணாம் மாமா" என்றார் அப்பாவிடம்.  

அப்பா வேட்டியை எடுத்தார். பழத்தட்டிலிருந்த பழங்களை ஓரமாக ஒதுக்கி, வேட்டியையும் சட்டையையும் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் தாய்மாமனிடம் நீட்டினார். "மாப்ள வீட்லருந்து வந்தது நீங்க ஒருத்தர்தான். ஒங்களுக்கு முறை செய்யணும்ல. வாங்கிக்கங்க."

எங்கள் கையிலிருந்து ஒரு வேட்டியை, முறை என்று சொல்லி நீட்டப்பட்ட வேட்டியை, அவர் குடும்பத்தில் யாரும் இதுவரை வாங்கியிருக்க மாட்டார்கள். தாய்மாமனின் கை தட்டுவரை வந்து நின்றது. "இருக்கட்டும்யா, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார். தட்டு மேசையிலேயே இருந்தது.

 அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அன்றைக்கு ராத்திரி கோட்டைக் கையில் எடுத்தேன். மலரிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கி, கோட்டின் மேல் ஈரத்துணி விரித்து, முதுகிலும் முழங்கையிலும் இருந்த சுருக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "காலருக்கு அடியில இன்னும் கொஞ்சம்" என்றார். அவ்வளவுதான்.

பதிவுத் திருமணம் நகர மண்டபத்தில். முதலில் ஒரு சின்ன அறையில், பதிவாளர் அம்மாள் விவரங்களை வாசித்துச் சரிபார்த்தார். மணமக்களின் பெயர், வயது, பெற்றோர் பெயர், பெற்றோர் தொழில். செந்திலின் தந்தை: விவசாயி. மலரின் தந்தை: விவசாயி.

"என்ன வாசிக்கிறாக?" என்றார் அப்பா. சொன்னேன்.

"அரை ஏக்கர் வாங்கி நாலு வருசம்தான ஆச்சு. அதுக்கு முந்தி நாப்பது வருசம் என்ன செஞ்சேன்?"

"கூலி வேலைப்பா."

"அதை எழுதச் சொல்லு."

மலர் அவசரமாக, "அப்பா, நான்தான் விவசாயின்னு குடுத்தேன். இப்ப மாத்த..." என்றாள். பதிவாளர் என்னவென்று கேட்டார். விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "கையெழுத்துப் போடும்வரை மாற்றலாம். உங்கள் அப்பா எப்படிச் சொல்கிறாரோ அப்படி" என்றார். விவசாயக் கூலித் தொழிலாளி என்று ஆங்கிலத்தில் தட்டச்சானது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் திரையில் அந்த வரியைக் காட்டச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்தார்.

சட்டப்படி முடிந்ததும், அதே மண்டபத்தில் அனுமதி கேட்டுத் தாலி கட்டினார் செந்தில். மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டும். யாரும் இல்லாததால் நான் போட்டேன். மருத்துவமனை நண்பர்கள், கேரளத்து நர்ஸுகள் நாலு பேர், கீழ்வீட்டுப் பாட்டி எல்லோரும் கைதட்டினார்கள். தாய்மாமன் கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். போட்டோவுக்குப் படியில் நிற்கச் சொன்னபோது, காரை எடுத்துவருகிறேன் என்று போனவர் வரவில்லை.

அவருக்காகக் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அப்பாவை நடுவில் நிறுத்தி எடுத்தோம்.

செந்தில் அந்தப் போட்டோவைப் படியிலேயே நின்று தன் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார். கீழே தன் பெயரும் மலரின் பெயரும், இரண்டு அப்பாக்களின் பெயரும், இரண்டு ஊரும், எங்கள் காலனியின் பெயரும். ஒன்றையும் விடவில்லை. அனுப்புமுன் என்னிடம் காட்டினார். "எழுத்துப் பிழை இருக்கா அக்கா?" என்றார். இல்லை என்றேன்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. செந்தில் திரையைப் பார்த்துவிட்டு எடுக்காமல் நின்றார். 

"யாரு?" என்றார் அப்பா.

"எங்கப்பா."

"எடுங்க மாப்ள."

"திட்டுவாரு மாமா. ஒங்களையும் சேத்துத் திட்டுவாரு."

"திட்டட்டும். எடுக்காட்டி பயந்துட்டோம்னு ஆகும். குடுங்க இங்க."

அப்பாவே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஐயா வணக்கம். நான் பொண்ணோட அப்பன் பேசுறேன்" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்பா காத்திருந்தார். மழை தூற ஆரம்பித்தது. யாரும் நகரவில்லை. "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. ஒங்க மகன் என் பக்கத்துலதான் நிக்கிறாரு. இப்ப சாப்பிடப் போறோம்." மறுபடியும் காத்திருந்தார். பிறகு, பக்கத்து வயல்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "நீங்க சாப்ட்டாச்சா?"

வெகுநேரம் போனது. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து, செந்திலிடம் கொடுத்தார்.

"என்ன மாமா சொன்னாரு?"

"'ம்'னாரு" என்றார் அப்பா. "வச்சுட்டாரு. வாங்க, பசிக்குது."